தளவாய்க்கு இருபத்திரண்டு வயது

திருகோணமலை
11.02.2024

தயா,

மூன்று நாளாக நீ போன் அடித்துக்கொண்டிருக்கிறாய். நான் எடுக்கவில்லை, இனியும் எடுக்கமாட்டேன். நான் கேட்கப்போகிற கேள்விக்குப் பதில் எழுத்தில் வேண்டும், உன் கையெழுத்தில். போனில் என்றால் நீ குரலை மாற்றுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அது வரும்.

கீர்த்தனிக்கு அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவன் நீ. படிப்பு முடிந்து இரண்டு வருடமாக வீட்டில் இருந்த என் மகளைச் சென்னையிலிருந்து ஒரு படக் கொம்பனி கூப்பிட்டு, வசனத்தையெல்லாம் உங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றித் தா என்று கேட்டபோது நான் சந்தோசப்பட்டேன். தம்பி எங்களை மறக்கவில்லை என்று அயலுக்கெல்லாம் சொன்னேன். தளவாய் படங்கள் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. அவள்தான் விளங்கப்படுத்தினாள். முதல் மூன்று படத்திலும் தளவாய் நரைத்த மீசையோடு வருகிற பெரிய உளவுகாரனாம். அந்த நடிகருக்கு வயது போய்விட்டதாம். இந்த நாலாவது படத்தில் தளவாயை இருபத்திரண்டு வயதுப் பெடியனாகத் திரும்பக் காட்டப் போகிறார்களாம். அவன் எப்படி உளவுகாரன் ஆனான் என்பதுதான் கதை, எழுதுவது மாமா என்றாள்.

போன புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, 'தலையாட்டி' எண்டு மாமா எழுதியிருக்கிறார். அப்பிடியெண்டால் என்ன?"

அவள் பிறந்தது இரண்டாயிரமாம் ஆண்டு. எப்படித் தெரியும்? சொன்னேன். ஆமியின் சுற்றிவளைப்பு நடக்கும். ஆம்பிளைகளை மைதானத்தில் வரிசையாக விடுவார்கள். ஒருவனைச் சாக்கால் மூடி முன்னால் நிறுத்தியிருப்பார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அந்த ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள். "உன்ர பெரிய மாமாவும் அப்பிடித்தான் போனவர்" என்றேன். பிறகுதான் தாளை வாங்கி வாசித்தேன்.

பதினான்காம் காட்சி. சாக்கில் இரண்டு ஓட்டை, ஒன்று மேலே, மற்றது கொஞ்சம் கீழே. இரண்டாலும் சேர்த்துப் பார்க்க ஏலாது, தலையைச் சரித்தால்தான் ஆள் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். வெங்காயச் சாக்கின் தூசி மூக்கில் ஏறுகிறது. தும்மினால் குரலை வைத்து யாராவது மட்டுக்கட்டிவிடுவார்கள் என்று தொண்டையை இறுக்கிக்கொள்கிறான். வரிசையில் கடைசியாக வருகிறவன் சாக்குப் போட்டவனின் காலைக் குனிந்து பார்க்கிறான். சாக்குக்குள் நிற்கிற தளவாய் நகமில்லாத தன் இடது பெருவிரலை மணலுக்குள் புதைக்கிறான். கடைசியாக வந்தவன் அவனுடைய சொந்த அண்ணன்.

எண்பத்தெட்டில் படகு நங்கூரம் விழுந்து உன் இடது கால் பெருவிரல் நகம் அடியோடு போனது. ஒரு மாதம் மருந்து கட்டினவள் நான்.

எங்கள் யோகண்ணனைக் கொண்டுபோனது 1990 ஒக்டோபர் பதினேழு. அவருக்கு இருபத்துநாலு வயது. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. பெண்களை வேலிக்கு அப்பால் மறித்து வைத்திருந்தார்கள். தலையாட்டியின் இடுப்புச் சாரமும் சாக்கும் மட்டும் தூரத்தில் தெரிந்தன. அது எங்கள் பக்கத்து வீட்டு ஜவாஹிர் நானா என்று ஊர் சொன்னது. எங்கள் மாமாவின் பெடியள் போய் அவருடைய வலது கையை முறித்தார்கள். லோஞ்ச் படகுகளின் எஞ்சின் திருத்துகிற கை. அந்தக் கிழமையே மனைவி லைலாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மூதூருக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை. லைலாவும் நானும் ஒரே வகுப்பு. முப்பத்துமூன்று வருடமாக அவளோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

சாக்குக்கு உள்ளே நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்று உனக்கு யார் சொன்னது?

பூரணி


சென்னை
02.03.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. கையால் எழுதிப் பதினைந்து வருடமாகிறது. எழுத்துக் கோணலாக இருந்தால் குறை நினைக்காதீர்கள்.

நீங்கள் கதையைக் கதையாகப் பார்க்கவேண்டும். எனக்கு இங்கே என்ன நிலைமை என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியாது. மூன்று தளவாய் படங்களையும் நான்தான் எழுதினேன். தளவாய் எங்கே பிறந்தவன், தாய் தகப்பன் யார், ஒன்றும் எழுதவில்லை. தேவைப்படவில்லை. மீசையும் துப்பாக்கியும் போதுமாக இருந்தது. போன வருடம் தயாரிப்பாளர் கூப்பிட்டு, "புதுப் பையன் சார், இருபத்திரண்டு வயசு. இவன் ஏன் இப்படி ஆனான்னு ஜனங்களுக்குத் தெரியணும்" என்றார். பெரிய நடிகரையே மாற்றிவிட்டவர்களுக்கு என்னை மாற்ற எவ்வளவு நேரம் எடுக்கும்? ஐம்பது வயதில் என்னை வேறு யார் கூப்பிடுவார்கள்? எட்டு மாதம் ஒரு வரியும் வரவில்லை. பிறகு இது வந்தது.

தலையாட்டிகளைப் பற்றி எத்தனையோ பேரிடம் கேட்டேன். கனடாவில் ஒருவர் நிறையச் சொன்னார். சாக்கு, ஓட்டை, வெங்காயத் தூசி எல்லாம் அப்படி வந்ததுதான். கால் விரல் என் கால் விரல்தான், ஒளிக்கவில்லை. ஒரு பாத்திரத்துக்கு உடம்பில் ஏதாவது அடையாளம் வேண்டும். எழுதுகிறவன் தன்னிடம் இருப்பதைத்தானே எடுப்பான்.

யோகண்ணனை நான் விற்றுவிட்டேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவருக்கு ஒரு இடம் கொடுக்கத்தான் நினைத்தேன். படத்தில் எங்கள் ஊர்ப் பெயர் வராது. கிழக்குக் கடற்கரைத் துறைமுகம் ஒன்று என்று மட்டும்தான் வரும்.

கீர்த்தனியோடு இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம். நன்றாகச் செய்கிறாள் என்று டைரக்டரே சொன்னார். அவளுக்கு இது ஒரு ஆரம்பம்.

இதை வேறு யாருக்காவது சொன்னீர்களா?

அன்புடன்,
தயா


திருகோணமலை
24.03.2024

தயா,

பதினான்காம் காட்சியை இங்கேயே வந்து எடுத்து முடித்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். கீர்த்தனியின் தாய் என்று கதிரை போட்டு நிழலில் இருத்தினார்கள்.

அண்ணனைக் கொண்டுபோன அதே மைதானத்தில்தான் எடுத்தார்கள். கொம்பனிக்கு அது தெரியாது, இடம் வசதியாக இருந்ததாம். வரிசையில் நிற்க ஊர் ஆட்கள் வேண்டும் என்று லவுட்ஸ்பீக்கரில் சொல்லி, மத்தியானச் சாப்பாடும் நாள் கூலியும் கொடுத்தார்கள். வந்தவர்களில் மூன்று பேர் அன்றைக்கும் அந்த வரிசையில் நின்றவர்கள். ஐஸ் கொம்பனியில் வேலை செய்த சிவரூபனுக்கு இப்போது எழுபது வயது. மணலில் வரிசையாக நிறுத்தினதும் அந்த மனுசனுக்குக் கால் நடுங்கத் தொடங்கியது. நிற்பாட்ட ஏலவில்லை. டைரக்டர் ஓடிவந்து கமெராக்காரனிடம், "அந்தக் காலை எடு, அந்தக் காலை எடு" என்றார். முடிந்தபிறகு எல்லாரும் கைதட்டினார்கள். சிவரூபன் சாப்பாட்டுப் பார்சலை எடுத்துக்கொண்டு ஒருவரையும் பார்க்காமல் போனார்.

புதுத் தளவாய் வடிவான பெடியன். மரியாதையான பிள்ளை, எனக்குக் கைகூப்பினான். அவனுக்குப் போட்ட சாக்கில் ஓட்டை இரண்டும் சரிசமமாக வெட்டியிருந்தது. நீ எழுதினதை அவர்கள் வாசிக்கவில்லை. அண்ணனாக நடிக்கிறவன் முன்னால் வந்து நின்றான். இவன் தலையாட்டினான். பிறகு சாக்கைக் கழற்றி எறிந்து, தலைமயிரைக் கோதிக்கொண்டு ஏதோ வசனம் சொன்னான். நாடு, இரத்தம் என்று வந்தது. என் பிள்ளை பக்கத்தில் வசனக் கொப்பியோடு நின்று அவனுடைய உச்சரிப்பைத் திருத்தினாள்.

எனக்கு இரண்டு விடயம் சொல்லவேண்டும்.

வெறும் கற்பனையென்றால், யாருக்காவது சொன்னீர்களா என்று நீ கேட்கத் தேவையில்லை. அந்த ஒரு வரியை நீ எழுதாமல் விட்டிருந்தால் உன்னை நான் நம்பியிருப்பேன். நம்பத்தான் ஆசைப்பட்டேன்.

மற்றது, அந்தச் சுற்றிவளைப்புக்கு முந்தின இரண்டு நாளும் நீ வீட்டில் இல்லை. ரியூசனுக்குப் போனவன், சாம்பல்தீவில் சித்தி வீட்டில் நின்றுவிட்டேன் என்று பிறகு வந்து சொன்னாய். அண்ணன் போன துக்கத்தில் ஒருவரும் விசாரிக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் சாம்பல்தீவுக்குப் போனேன். சித்திக்கு எண்பத்தொரு வயது, நினைவு தெளிவாக இருக்கிறது. "அந்த மாசம் முழுக்க றோட்டு மூடிக் கிடந்தது பிள்ளை. தயா எப்பிடி வாறது? அவன் வரேல்லை" என்றார்.

எழுது.

பூரணி


சென்னை
15.04.2024

அக்கா,

புதுவருடத்தன்று இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். நாலு தரம் கிழித்தேன்.

ரியூசன் விட்டு வரும்போது சோதனைச் சாவடியில் சைக்கிளை மறித்தார்கள். அடையாள அட்டை இல்லை. பதினாறு வயது, அட்டைக்கு எழுதிப்போட்டிருந்தோம், வரவில்லை. ஒரு களஞ்சிய அறைக்குள் போட்டார்கள். இரண்டு இரவு. என்ன செய்தார்கள் என்று எழுதமாட்டேன். முதுகுத் தழும்பை, வேலியில் கிழித்தது என்று உங்களிடம் சொன்னேன். மூன்றாம் நாள் விடிய ஒருவர் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். நல்ல தமிழில் கதைத்தார். "தம்பி, ஒண்டுக்கும் பயப்பிடாதீர். ஐஞ்சு பேரைக் காட்டினால் வீட்டை போகலாம்" என்றார். எந்த ஐந்து பேர் என்று கேட்டேன். "அது உமக்குத்தானே தெரியும்" என்றார். எனக்கு ஒருவரையும் தெரியாது அக்கா. நான் படித்துக்கொண்டிருந்தவன்.

என் காற்சட்டையைக் கழற்றி ஒரு பழைய சாரத்தைக் கட்டினார்கள். சாக்கைப் போட்டார்கள். முகம் தெரியாத நாலு பேருக்குத் தலையாட்டினேன். அவர்கள் ஊர்ப் பக்கமே இல்லை, உட்துறைமுகப் பக்கம் வேலைக்கு வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அண்ணன் வந்து நின்றார். எனக்குக் கண் இருட்டியது. இரண்டு நாளாகச் சாப்பாடு இல்லை. தலை தானாக முன்னால் விழுந்தது. அவர்கள் அதைத் தலையாட்டியதாக எடுத்துவிட்டார்கள்.

இதுதான் நடந்தது. இதை வைத்துக்கொண்டு முப்பத்துமூன்று வருடம் இருந்திருக்கிறேன். கலியாணம் கட்டவில்லை, ஏன் என்று நீங்கள் எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள்.

ஒன்று கேட்கவேண்டும். கோபித்தாலும் பரவாயில்லை. அது ஜவாஹிர் நானா என்று ஊர் சொன்னது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர் சொல்லவில்லை அக்கா. நீங்கள் சொன்னீர்கள். அன்றைக்குப் பின்னேரம் என்னை விட்டபிறகு வந்து காய்ச்சலோடு உள்ளறையில் கிடந்தேன். விறாந்தையில் மாமாவின் பெடியள் இருந்தார்கள். "நீலப் பச்சைக் கோட்டுச் சாரம். ஜவாஹிர் நானா கட்டுறது அதுதான். எனக்கு வடிவாத் தெரியும்" என்று உங்கள் குரல் கேட்டது. அவர்களில் ஞானசேகரம் மச்சான் எழும்பிப் போகிற சத்தமும் கேட்டது.

தயா


திருகோணமலை
05.05.2024

தயா,

ஓம். நான்தான் சொன்னேன். ஊர் என்று எழுதினது என் பொய். உனக்கு எழுதுகிறபோதுகூட அந்தப் பொய் கையிலிருந்து தானாக வந்தது.

நீ உள்ளறையில் கிடந்து கேட்டாய். எழும்பி வந்து இல்லை என்று சொல்லவில்லை. அதையும் எழுதியிருக்கலாம், எழுதவில்லை.

உன் தலை தானாக விழுந்ததை நான் நம்பவில்லை. நீ எழுதின காட்சியில் தலை விழவில்லை. அண்ணன் காலைப் பார்க்கிறான், தம்பி விரலைப் புதைக்கிறான், அதற்குப் பிறகு தலையாட்டுகிறான். அந்த வரிசையை நீ கற்பனை செய்யவில்லை.

லைலா மூதூரில் இறங்குதுறைக்குக் கிட்ட மகளோடு இருக்கிறாள் என்று விசாரித்து அறிந்துவிட்டேன். நான் போகப்போகிறேன். அவளிடம் அரைவாசி உண்மையைக் கொண்டுபோக ஏலாது. மிச்சத்தை எழுது.

பூரணி


சென்னை
09.06.2024

அக்கா,

தலை விழவில்லை.

அண்ணன் கடைசியாக வரவில்லை, நடுவில் வந்தார். கடைசி ஆள் என்றது படத்துக்காக. முதலில் சாக்கைப் பார்த்தார், எல்லாரும் பார்த்ததுபோல. பிறகு கீழே பார்த்தார். நான் விரலைப் புதைக்க முதல் கண்டுவிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை அக்கா. நான் விளையாடிவிட்டு இருட்டுப்பட வீட்டுக்கு வரும்போது வாசல் படலையில் நின்று பார்ப்பாரே, அந்த முகம். இரண்டு நாளாக என்னைத் தேடியிருக்கிறார் என்று அந்த முகத்தில் தெரிந்தது. வாய் திறந்தது.

'தயா' என்று கூப்பிடப்போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. பின்னால் முந்நூறு பேர் நின்றார்கள். அந்தப் பெயர் வெளியில் வந்தால், சாக்குக்குள் நிற்பது யாரென்று எல்லாருக்கும் தெரியும். முதலில் காட்டின நாலு பேரின் வீட்டுக்காரரும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அம்மாவை நினைத்தேன், உங்களை நினைத்தேன் என்று எழுத விருப்பம்தான். இல்லை. நான் என்னைத்தான் நினைத்தேன்.

பெயர் வெளியில் வரமுதல் தலையாட்டினேன். முதல்முறை அவர்களுக்குத் தெரியாமல் போயிருக்குமோ என்று இன்னொருமுறையும் ஆட்டினேன்.

அவரைப் பிடித்துத் திருப்பினார்கள். றக் வண்டியில் ஏற்ற இருபது முப்பது அடி நடத்திக்கொண்டு போனார்கள். அந்த நேரத்துக்குள் அவர் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

இதை ஏன் படத்தில் எழுதினாய் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எட்டு மாதம் அறையில் இருந்தபோது, இருபத்திரண்டு வயது உளவுகாரன் ஒருவனை எனக்கு எழுதத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த உளவுகாரன் ஒருவன்தான், அவனுக்குப் பதினாறு வயது. ஒரு இரவில் எழுதினேன். என் பிரதியில் அந்தப் பெடியன் சாக்கைக் கழற்றுவதேயில்லை. படம் முடியும்வரை அவன் முகம் வராது என்று எழுதியிருந்தேன். தயாரிப்பாளர் சிரித்தார். "ஹீரோ மூஞ்சியை மூடி வெச்சா எவன் சார் டிக்கெட் வாங்குவான்? கழட்டி எறியணும், அப்போ ஒரு பஞ்ச் வைங்க" என்றார். மறுநாளே எழுதிக் கொடுத்தேன். நாட்டுக்காக அண்ணனையே காட்டிக்கொடுத்தவன் என்ற அந்த வசனம் நான் எழுதினதுதான். டைரக்டர் என்னைக் கட்டிப்பிடித்தார். அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக நித்திரை கொண்டேன், அதையும் மறைக்கவில்லை.

படம் தீபாவளிக்கு வருகிறது. ஒரு கெஞ்சல் அக்கா. அதுவரைக்கும் லைலாவிடம் போகாதீர்கள். யாராவது பேப்பரில் போட்டால் இங்கே எல்லாம் முடிந்துவிடும். தீபாவளி முடிய நானே வருகிறேன்.

தயா


திருகோணமலை
14.07.2024

தயா,

நான் தீபாவளிவரை பொறுக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை கிண்ணியாப் பாதையால் பஸ்ஸில் மூதூருக்குப் போனேன். ஜவாஹிர் நானா காலமாகி மூன்று வருடம். எனக்கு அது முந்தியே தெரியும். இங்கே பள்ளிவாசலில் அறிவித்தபோது சமைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பைக்கூட நிற்பாட்டவில்லை.

லைலா முற்றத்தில் இருந்து சுளகில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னை உடனே மட்டுக்கட்டிவிட்டாள். வாங்க என்று சொல்லவில்லை.

"என்னத்துக்கு வந்திரிக்கீங்க?"

நின்றபடியே உன் கடிதத்தை வாசித்தேன். கடைசியானதை மட்டும், முழுவதையும். அவள் பயறு பொறுக்குவதை நிற்பாட்டவில்லை. தலையாட்டினேன், இன்னொருமுறையும் ஆட்டினேன் என்ற இடத்தில் மட்டும் கை நின்றது.

"உங்கட தம்பிக்கு அப்ப என்ன வயசி?"

"பதினாறு."

"சின்னப் புள்ள" என்றாள்.

எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலுக்கு இப்போது வெட்கப்படுகிறேன். நான் உடனே அழத் தொடங்கினேன். "லைலா, நான் சாரத்தைப் பாத்துத்தான் சொன்னனான். அந்தத் தூரத்தில..." என்றேன்.

"அந்தச் சாரன் எங்கட தெருவில எத்தின பேர்ட்ட இரிந்த? உங்கட வாப்பாட்டயும் இரிந்தானே."

உண்மை. அப்பாவிடமும் இருந்தது.

"அவனுக்கு அடிச்சிரிப்பானுகள்" என்றாள். "ரெண்டு நாள் சோறு குடுக்காம வெச்சிரிந்தானுகள். மூஞ்சிக்குச் சாக்குப் போட்டானுகள். உங்களுக்கு ஆரு அடிச்ச? நீங்க மூஞ்சியத் தொறந்து வெச்சிக்கிட்டுத்தானே எங்கட மனிசனக் காட்டின நீங்க."

தயா, வழியெல்லாம் நான் உன் குற்றத்தைக் கொண்டுபோகிறேன் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

மகள் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். லைலா வேண்டாம் என்று மறிக்கவில்லை. நான் குடிக்கும்வரை இருந்துவிட்டுச் சொன்னாள்.

"அண்டைக்கு மகளுக்குக் காய்ச்சல். விடிஞ்சதிலிருந்து பின்னேரம் வரைக்கும் அவரு என்னோட ஆஸ்பத்திரியிலதான் இரிந்த. அவரு செய்யல்ல எண்டு எனக்குத் தெரியும். எனக்கு என்னத்துக்கு இத வாசிக்கிறீங்க? தெரியாதவங்களுக்குப் போய் வாசிங்க."

சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. நான் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் திரும்பி வரவில்லை.

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் பதினேழு கோயிலில் அண்ணனுக்கு அர்ச்சனை செய்து, சொந்தக்காரரைக் கூப்பிட்டு வீட்டில் சாப்பாடு கொடுக்கிறேன். உனக்குத் தெரியும். மாமாவின் பெடியள் எல்லாரும் வருவார்கள். இந்த வருடம் அவர்கள் முன்னால் இது சொல்லப்படும். உன் பங்கும் என் பங்கும். நீ வந்து நின்றால் நீ சொல்லு. வராவிட்டால் நான் வாசிப்பேன்.

கீர்த்தனிக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். படத்தில் தன்னுடைய பெயரைப் போடவேண்டாம் என்று கொம்பனிக்கு எழுதியிருக்கிறாள். என்னோடும் அவ்வளவாகக் கதைப்பதில்லை.

பூரணி


சென்னை
28.09.2024

அக்கா,

ஒக்டோபர் பத்திலிருந்து விளம்பர வேலைகள். ஒவ்வொரு ஊராகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், ஒப்பந்தத்தில் இருக்கிறது. இளைய தளவாயை வைத்து இன்னும் இரண்டு படம் செய்யப்போகிறார்களாம், அதற்கும் என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். இப்போது நான் விலகினால் ஏன் என்று கேட்பார்கள்.

வாசியுங்கள். என் பெயரைச் சொல்லியே வாசியுங்கள். நான் அங்கே நின்று அவர்கள் முகங்களைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சாக்கு இல்லாமல் நான் ஒருநாளும் ஒரு வரிசைக்கு முன்னால் நின்றதில்லை.

தயா


திருகோணமலை
27.10.2024

தயா,

வாசித்துவிட்டேன்.

இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். பந்தி வைக்கமுதல் எல்லாரையும் மண்டபத்தில் இருத்தி, யோகண்ணனின் படத்துக்குப் பக்கத்தில் நின்று, உன்னுடைய ஜூன் மாதக் கடிதத்தை வாசித்தேன். பிறகு ஜவாஹிர் நானாவின் பெயரைச் சொன்னது நான்தான், முகத்தைப் பார்க்காமல் சொன்னேன் என்றும் சொன்னேன்.

முதலில் மாமி விம்மத் தொடங்கினா. நான் யோகண்ணனுக்காக என்று நினைத்தேன். "ஐயோ, என்ர தயா. இவ்வளவு காலமும் தனிய இதை நெஞ்சுக்குள்ள வைச்சுக்கொண்டு எப்பிடி இருந்திச்சுதோ பிள்ளை" என்று அழுதா.

"பதினாறு வயசுப் பொடியன், அவன் என்ன செய்வான்?" என்றார் ஞானசேகரம் மச்சான். "ஆர் எண்டாலும் அந்த இடத்தில ஆட்டியிருப்பினம். யோகன் எங்கை இருந்தாலும் அவனை மன்னிச்சிருப்பான். விடு பூரணி, இனி இதைக் கிளறாதை."

எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். ஐந்து நிமிடம் எடுக்கவில்லை தயா. நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

"மச்சான், அப்ப ஜவாஹிர் நானாவின்ர கை?" என்று கேட்டேன்.

ஞானசேகரம் மச்சானுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அது அந்த நேரம் நடந்தது" என்றார். "முஸ்லிம் ஆக்களும் எங்களுக்கு எவ்வளவோ செய்தவையள்தானே."

"ஜவாஹிர் நானா என்ன செய்தவர்?"

யாரோ சோறு ஆறுகிறது என்றார்கள். பந்தி வைத்தோம். பாயசம் வருவதற்குள் கதை உன் படத்துக்குப் போய்விட்டது. தீபாவளியன்று முதல் காட்சிக்கு எல்லாரும் சேர்ந்து போகிறார்களாம். ஞானசேகரம் மச்சானின் பேரன் போனில் விளம்பரத்தைப் போட்டுக் காட்டினான். பெடியன் சாக்கைக் கழற்றி எறிகிற இடத்தில் பின்னணிச் சத்தம் பெரிதாக வந்தது. மாமியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தா. கீர்த்தனி எழும்பிக் குசினிக்குள் போனாள்.

நீ இனி வரலாம். வந்தால் உன்னை மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு போவார்கள். உனக்கு இது சந்தோசமா துக்கமா என்று எனக்குத் தெரியவில்லை, எழுதவும் வேண்டாம். உன் கையெழுத்து எனக்கு இனித் தேவையில்லை.

தீபாவளியன்று நான் மூதூருக்குப் போகிறேன். கீர்த்தனி தானும் வருகிறேன் என்கிறாள். தெரியாதவர்களுக்குப் போய் வாசிக்கச் சொன்னவளுக்கு, வாசித்தேன் என்று போய்ச் சொல்லவேண்டும். அதற்கு ஆட்கள் என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்பாள். எங்கள் தம்பியை எல்லாரும் மன்னித்துவிட்டார்கள், உன் மனுசனைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லப்போகிறேன்.

பூரணி